கொடுப்போரை எங்கே தேடுவது?

உதவி கேட்டு ஒரே கடிதத்தை ஐம்பது முகவரிகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சங்கங்கள் பல. நாமும் அப்படிச் செய்ததுண்டு, பதில் வரவில்லை.

அமெரிக்க நிதியங்களிடம் கேட்பதாயின் இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு அலையத் தேவையில்லை. அங்குள்ள தனியார் நிதியங்கள் ஆண்டுதோறும் 990-பி.எவ். என்னும் படிவத்தை வரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். எவரும் பார்க்கலாம். 1956 இல் நியூயோர்க்கில் தொடங்கிய பவுண்டேசன் சென்ரர் இவ்விபரங்களைத் திரட்டி முதலில் நூலாகவும், பின்னர் இணையத்திலும் தந்தது. 2019 இல் அது கைட்ஸ்ராருடன் இணைந்து கண்டிட் ஆயிற்று. அதன் முழுமையான தேடலுக்குக் கட்டணம் உண்டு. படிவங்களை மட்டும் புரோபப்ளிக்கா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நிதியத்தின் சொத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கொடுத்த பட்டியலைப் பாருங்கள். பெருந்தொகைகளே கொடுப்பவரிடம் ஒரு கிணற்றுக்குக் கேட்டுப் பயனில்லை. 'விவசாயம்' என்று மட்டும் தேடினால் பல்கலைக்கழக ஆய்வுகளும் வந்து குவியும். நீர்ப்பாசனம், விதை, இடம்பெயர்ந்தோர் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களோடு நாட்டின் பெயரையும் சேருங்கள். தாம் அழைக்காத விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று எழுதியிருந்தால் அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள்.

அமெரிக்க நிதியம் வெளிநாட்டுச் சங்கத்துக்கு நேரே கொடுப்பதாயின், அச்சங்கம் தம் நாட்டுத் தர்ம ஸ்தாபனத்துக்கு ஒப்பானது என உறுதிசெய்ய வேண்டும். அல்லது செலவைக் கண்காணித்துக் கணக்குப் பெற வேண்டும். சிறு சங்கத்துக்காக இச்சிரமத்தை எத்தனை பேர் ஏற்பார்கள்? ஆகவே பட்டியலில் இலங்கை நிறுவனம் ஒன்றின் பெயர் கண்டால் முதலில் அதன் கதவைத் தட்டுங்கள். போகும்போது கூட்டக் குறிப்பேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள்.