‘ரஃப்’ வேறு, ‘டஃப்’ வேறு



நம் கல்லாவில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘ரஃப்’ ஒன்று. பொத்தேரியிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கல்லூரி திறக்கும் மாதங்களில் விடுதியில் சேர வரும் பிள்ளைகளும் பெற்றோரும் வாளி, மக், கொடிக்கயிறு, பூட்டு, துடைப்பம் என்று வாங்க வருகிறார்கள். அவர்களில் வடநாட்டார் பலர். நமக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. ஆகவே நடுவில் நிற்பது ஆங்கிலம்: “ரஃப் யூஸுக்குத் தாங்குமா?” நாமும் யோசிக்காமல், “ரஃப்பா யூஸ் பண்ணலாம் சார்” என்று எடுத்துக் கொடுத்து விடுகிறோம்.

அதே வாடிக்கையாளர் அடுத்த நிமிடம் ஒரு தட்டைத் தடவிப் பார்த்து, “ரஃப்பா இருக்கே, வேற காட்டுங்க” என்கிறார். முதலில் கேட்டபோது அந்தச் சொல் சரக்கின் உழைப்பைப் பற்றியது. இரண்டாவது முறை அது சரக்கின் குறை. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது கடைக்காரருக்கு அவசியம்.

ஆங்கிலத்தில் ‘ரஃப்’ என்றால் முதற்பொருள் சொரசொரப்பு, மேடு பள்ளம். அதிலிருந்து பண்படாதது, முழுமை பெறாதது, உத்தேசமானது என்ற பொருள்கள் கிளைத்தன. ரஃப் நோட்டு, ரஃப் கணக்கு எல்லாம் இந்த வகை. ‘ரஃப் யூஸ்’ என்றால் முரட்டுத்தனமாகக் கையாள்வது. அதாவது முரடு கையாளுகிறவரிடம் இருக்கிறது, வாளியிடம் இல்லை! வாளிக்கு வேண்டியது ‘டஃப்’. இழுத்தாலும் அடித்தாலும் கீழே போட்டாலும் கிழியாமல், உடையாமல் தாங்கும் குணத்துக்கு அந்தப் பெயர்.

‘டஃப்’பையும் ‘ஹார்டு’ என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் கடைச் சரக்கை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கற்கண்டு பல்லுக்கு அசையாது. ஆனால் உலக்கையால் ஒரு தட்டு தட்டினால் நொறுங்கிவிடும். அது ஹார்டு, டஃப் அல்ல. சுக்கு அப்படியில்லை. உள்ளே நார் ஓடுவதால் இடி வாங்கிக்கொண்டே கிடக்கும், எளிதில் தூளாகாது. அதுதான் டஃப். கண்ணாடி டம்ளர் முதல் வகை, நைலான் கயிறு இரண்டாம் வகை.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று கேட்கலாம். நம் பக்கத்து ஊருக்கே மறைமலை அடிகளின் பெயர். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அவர். அந்த ஊருக்கு அருகில் உட்கார்ந்து ரஃப், டஃப் என்று எழுதுவது நமக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொற்களுக்குப் பஞ்சமில்லை. சொரசொரப்பு, கரடுமுரடு, உத்தேசம் என்பவை ஒரு பக்கம். கெட்டி, உறுதி, உழைப்பு என்பவை மறுபக்கம். இரண்டும் சேர்ந்த குணத்துக்கு ‘முரட்டு’ என்ற அடைமொழி இருக்கிறது. முரட்டுத் துணி என்றால் தொட்டால் சொரசொரப்பு, உடுத்தினால் பல வருடம். தமிழ் தெரிந்த வாடிக்கையாளரிடம் “கெட்டியா உழைக்கும்” என்று சொன்னால் அவருக்கு நன்றாகவே விளங்கும்.

எழுத்து விஷயத்தில் ஆங்கிலம் படுத்தும் பாடு தனி. இந்த இரு சொற்களின் முடிவிலும் உள்ள ஜி, எச் எழுத்துகள் ‘ஃப்’ என்று ஒலிக்கின்றன. அதே எழுத்துகள் ‘த்ரூ’, ‘தோ’ என்ற சொற்களில் வாயே திறப்பதில்லை. 1995-இல் அகமதாபாத் அரவிந்த் மில்ஸ் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, ஒலிக்கிறபடியே ஆர்-யு-எஃப், டி-யு-எஃப் என்று எழுதி ‘ரஃப் அண்ட் டஃப்’ என்ற பெயரில் ஜீன்ஸ் கொண்டுவந்தது. தைத்த ஜீன்ஸ் அல்ல. துணி, ஜிப், ரிவெட், முத்திரைத் துண்டு எல்லாம் ஒரே பொட்டலத்தில். விலை இருநூறு ரூபாய்க்குள். உள்ளூர்த் தையற்காரரே தைத்துக் கொடுப்பார். சிற்றூர்த் தையற்காரர்கள் ஆயிரக்கணக்கில் அதை விற்றார்கள். கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாக இயல் பேராசிரியர் சி.கே. பிரகலாத், ஏழை எளியோர் சந்தையைப் பற்றி எழுதும்போது இதை உதாரணமாக எடுத்துக்காட்டினார். ஒரு சொல் சரக்கை எவ்வளவு தூரம் கொண்டு போகும் பாருங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். “ரஃப் யூஸுக்கு வேண்டும்” என்று வாடிக்கையாளர் சொல்வது வெறும் பேச்சல்ல. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் இன்ன உபயோகத்துக்கு என்று தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி, அவர் வழக்கமாக விற்கும் சரக்கை வாங்கினால், அது அந்த உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பேரத்திலேயே அடங்கிவிடுகிறது. குறிப்பிட்ட பிராண்டின் பெயரைச் சொல்லி அவராகவே கேட்டு வாங்கினால் மட்டும் விலக்கு உண்டு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது. உற்பத்தியாளர் தராத உறுதியைக் கடைக்காரர் தாமாகத் தந்து, அது பொய்த்து, அதனால் ஒருவருக்குக் காயமோ வேறு உடைமைக்குச் சேதமோ நேர்ந்தால் கடைக்காரரே பொறுப்பு. பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டி “டஃப் சார், மேலே ஏறி நிற்கலாம்” என்று நாம் சொல்லி, அவர் ஏறி நின்று கால் முறிந்தால், “கம்பெனியைக் கேளுங்கள்” என்று கைகழுவ முடியாது. எத்தனை கிலோ தாங்கும் என்று சரக்கில் அச்சிட்டிருந்தால் அதைப் படித்துக் காட்டுங்கள். அச்சிடாவிட்டால் உட்காரத்தான் என்று சொல்லுங்கள். விலை மலிந்த மறுசுழற்சி வாளி என்றால் அதையும் மறைக்க வேண்டாம். விடுதிப் பிள்ளை நான்கு வருடம் நம் கடைக்குத்தானே வரப்போகிறான்.

ஆளைப் பற்றிச் சொல்லும்போதும் கவனம் தேவை. கடனுக்குச் சரக்கு கொடுக்கலாமா என்று ஒரு வியாபாரியைப் பற்றி நம்மிடம் விசாரித்தால், “டஃப்” என்றால் பேரத்தில் விட்டுக்கொடுக்காதவர் என்று ஆகும்; கொடுக்கல் வாங்கலில் அது குறையில்லை. “ரஃப்” என்றால் வாய்த்துடுக்கு, கைநீட்டுவார் என்று ஆகிவிடும். ஒரு எழுத்து மாறினால் ஒரு மனிதரின் பெயர் கெட்டுவிடும்.

கடைசியாக, ‘ரஃப் பில்’. துண்டுச் சீட்டில் கூட்டிக் கொடுப்பதற்கு நாம் வைத்த பெயர் இது. இங்கே ரஃப் என்றால் உத்தேசம் என்றே பொருள். அது பில் ஆகாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடையில் 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் பதிவு பெறாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், தனித்தனியே போடாமல் அன்றைய மொத்தத்துக்கும் சேர்த்துக் கடை மூடும்போது ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். கேட்டால், பத்து ரூபாய்ச் சரக்குக்கும் முறையான பில் கொடுத்தே ஆக வேண்டும்.