கத்திரிக்கு முன்னால் கார் ஏசியைப் பாருங்கள்

மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். கார் ஏசியில் குளிர் குறைந்த மாதிரி சந்தேகம் இருந்தால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கத்திரி பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக் கடை வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த நெருக்கடியில் பொறுமையாக லீக் தேட யாருக்கும் நேரம் இருக்காது. கேஸை ஏற்றி அனுப்பிவிடுவார்கள், பத்து நாளில் மறுபடி அனல் அடிக்கும்.

“கேஸ் தீர்ந்துபோச்சு சார்” என்ற வார்த்தையை எடுத்த எடுப்பில் நம்பாதீர்கள். பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல அது. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருவது. சிறிய கார்களில் மொத்தமே அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பல வருடங்களில் குளிர் மட்டுப்படுவது சகஜம். ஆனால் போன கோடையில் ஏற்றிய கேஸ் இந்தக் கோடையில் இல்லை என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். முதலில் டெம்பரேச்சர் திருகு. வண்டி துடைக்கும்போது கைபட்டு சிவப்புப் பக்கம் திரும்பியிருக்கும். சிரிக்காதீர்கள், இதற்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு. திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் சூடு மாறவில்லை என்றால், டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் பிரிக்கிற தடுப்பு சிக்கியிருக்கலாம். அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து, எப்போது சுடுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் இதிலேயே விடை கிடைத்துவிடும். போன வருடம் சென்னையிலிருந்து திருச்சி போகும்போது என் வண்டி ஓட்டத்தில் ஜில்லென்று இருந்தது. டோல்கேட் வரிசையில் நின்றால் இரண்டே நிமிடத்தில் வெந்நீர்ப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். வழியில் ஒரு கடையில் கேஸ் ஏற்றினார்கள், பணம் வாங்கினார்கள். அடுத்த டோலில் அதே கதை. ஊருக்கு வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரின் ஃபேனுக்குப் போகிற ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. செப்புக் கம்பி மட்டும் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. தேவைப்பட்டது ஒரு முழ ஒயர்.

ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்ஸரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். அதனால் வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட சிறிது நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். தள்ளி நின்று பாருங்கள். துண்டு, துப்பட்டா, முந்தானை எதுவும் தொங்கக் கூடாது. சுற்றவில்லையா, ஃப்யூஸ், ரிலே, ஒயர் என்ற வரிசையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

அப்படியே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். ஏசி பட்டனை அமுக்கியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கிற சத்தம் அது. இன்ஜின் ஓட்டமும் லேசாகத் திணறி மீளும். டிக் வரவே இல்லை என்றால் மின்சாரக் கோளாறாக இருக்கலாம், அல்லது கேஸ் அடியோடு இறங்கிப்போய் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓட விடாமல் தடுத்திருக்கலாம். கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உள்ள புதிய வண்டிகளில் இந்தச் சத்தம் இருக்காது.

காற்றே குறைவாக வந்தால் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், நீங்களே மாற்றிவிடலாம். கண்டென்ஸர் மேல் அப்பியிருக்கும் தூசியையும் பூச்சியையும் சாதாரணத் தோட்டத்துக் குழாயால், இன்ஜின் ஆறிய பிறகு கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகிற வழியே அடைபட்டுவிடும். அனல் காற்றோடு இன்ஜின் சூட்டு முள்ளும் ஏறினால், ஏசியை மறந்துவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சுடுகிறது என்றால் கடைக்குப் போங்கள். போகும் முன் டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். ஒரு இணைப்பில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கறுப்பு மண்ணும் தெரிந்தால் லீக் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும். குழாயை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். பீறிடும் கேஸ் தோலை உறைய வைத்துவிடும். வண்டிக்கு அடியில் சொட்டுகிற வெறும் தண்ணீரைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அது ஏசி வேலை செய்கிற அடையாளம்.

கடையில் முதலில் லீக்கைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். கேஸ் வகையும் எத்தனை கிராம் என்ற அளவும் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆர்-134ஏ போட வேண்டிய வண்டிக்கு அதுவே, ஆர்-1234ஒய்எஃப் என்றால் அதுவே. அதிகம் ஏற்றினால் அதிகம் குளிரும் என்று நினைக்காதீர்கள், அளவு மிஞ்சினாலும் குளிர் குறையும். எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

ரிப்பேர் ஆகும்வரை, வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளே தேங்கிய அனலை வெளியேற்றிவிட்டுக் கிளம்புங்கள். குழந்தையை “ரெண்டு நிமிஷம்தானே” என்று உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏசி நன்றாக இருந்தாலும் சரி.

பில்லில் தேதியையும் எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதையும் எழுதி வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சித்திரையில் யாராவது “கேஸ் தீர்ந்துபோச்சு” என்றால் எடுத்துக் காட்டலாம்.