இழுக்கும் வலிமையும் நிறுத்தும் வலிமையும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் செங்கல் சூளைகளால் பெயர் பெற்றது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நகரம் தீயாலும் வெள்ளத்தாலும் பேரழிவுக்கு உள்ளானது. அதன்பின் அத்தாப்புக் கூரை வேய்ந்த மர வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல்லின் தேவை பெருகியதால் அதைச் சுட்டெடுக்கும் சூளைகள் பிரிக்பீல்ட்ஸில் பெருகின. கனவுந்துகள் இல்லாத அக்காலத்தில் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தில் மாட்டு வண்டிகளுக்குப் பெரும்பங்கு இருந்தது.

வண்டி பூட்டுவதற்குமுன் வண்டிக்காரர் மூன்றைக் கணக்கிடுவார். மாட்டின் வலிமை எவ்வளவு? ஏற்றப்போகும் பாரம் எவ்வளவு? போகும் வழி மேடா, பள்ளமா? இந்த மூன்று கேள்விகளும் இன்றும் பழையன ஆகிவிடவில்லை. மகிழுந்தின் பின்னால் ஓர் இழுவண்டியைப் பூட்டிச் செல்ல விரும்பும் ஒவ்வொருவரும் இவற்றுக்கு விடை கண்டாக வேண்டும்.

கூடார இழுவண்டி

விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் நம் நாட்டில் பரவி வருகிறது. சிலர் இதற்கென மடிப்புக் கூடார இழுவண்டியை நாடுகின்றனர். சாலையில் செல்லும்போது இது தாழ்வான பெட்டிபோல் காணப்படும். தங்குமிடத்தை அடைந்ததும் கூரையை உயர்த்தி, பக்கங்களை விரித்தால் படுக்கையுடன் கூடிய சிறு கூடாரமாக மாறும். இதற்கு இயந்திரம் இல்லை. எனவே, முன்செல்லும் வாகனம்தான் இதை இழுக்க வேண்டும்.

“என் மகிழுந்து இதை இழுக்குமா?” என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. சமதளத்தில் மெதுவாகச் செல்வதாயின் பெரும்பாலான மகிழுந்துகள் இழுத்துவிடும். ஆனால், “இழுத்துச் செல்லும்போது என் மகிழுந்தால் பாதுகாப்பாக நிற்க முடியுமா?” என்று கேட்பதே அறிவுடைமை. இழுக்கும் வலிமை இயந்திரத்தைப் பொறுத்தது. நிறுத்தும் வலிமையோ வாகனத்தின் எடை, பிரேக், டயர் ஆகிய அனைத்தையும் பொறுத்தது.

முதற்படி: எடையை அறிதல்

இழுவண்டியை விற்பவர் கூறும் எடை பெரும்பாலும் வெற்று எடையாகவே இருக்கும். நாம் இழுத்துச் செல்வதோ பொருள்களால் நிறைந்த வண்டியை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெற்று எடை 600 கிலோகிராம் உள்ள இழுவண்டியில் 60 லிட்டர் தண்ணீரை நிரப்பினால் 60 கிலோகிராம் கூடும். எரிவாயு அடுப்பும் உருளையும் 20, மின்கலம் 25, மெத்தையும் சமையல் பாத்திரங்களும் 55, உணவும் பனிக்கட்டிப் பெட்டியும் 40 எனச் சேர்த்தால் மொத்தம் 800 கிலோகிராம் ஆகிவிடும். ஒவ்வொன்றும் சிறிய பொருள்தான். கூட்டிப் பார்த்தால் 200 கிலோகிராம் ஏறியிருக்கிறது.

மயிலிறகு மிக மெல்லியது. அதையும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் உணர்த்தும் கருத்து. இழுவண்டி வாங்கும் எவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: முன்பாரமும் பின்பாரமும்

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த எடை எங்கே அமர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இதனால்தான் வண்டிக்காரர் பாரத்தை முன்னும் பின்னும் பார்த்து ஏற்றுவார்.

இழுவண்டிக்கும் இதே விதி பொருந்தும். நுகத்தடியின் இடத்தில் இங்கு இணைப்புக் கொக்கி உள்ளது. இழுவண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மீது இறங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 800 கிலோகிராம் இழுவண்டிக்கு இது 80 கிலோகிராம். பின்பாரம் மிகுந்து இந்த அளவு குறைந்தால், வேகமாகச் செல்லும்போது இழுவண்டி பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கும். முன்பாரம் மிகுந்தால் மகிழுந்தின் பின்பகுதி தாழ்ந்து முன்பகுதி உயரும். அப்போது முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். நம் நாட்டுச் சிறிய மகிழுந்துகளில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. ஆகவே, திருப்புதல், இழுத்தல் ஆகிய இரண்டுமே பாதிக்கப்படும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கொக்கியில் இறங்கும் 80 கிலோகிராமை மகிழுந்துதான் சுமக்கிறது. ஒரு மகிழுந்து 450 கிலோகிராம் பாரத்தைச் சுமக்கவல்லது எனக் கொள்வோம். ஆளுக்கு 65 கிலோகிராம் வீதம் ஐவர் அமர்ந்தால் 325 கிலோகிராம். பைகள் 50 கிலோகிராம். கொக்கியில் 80 கிலோகிராம். மொத்தம் 455. இழுவண்டியின் எஞ்சிய எடையைக் கணக்கில் சேர்க்காமலேயே மகிழுந்து தன் வரம்பைத் தாண்டிவிட்டது!

மூன்றாம் படி: நிறுத்தும் வலிமை

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாகனத்தை நம் சாலைகளில் அடிக்கடி காண்கிறோம். ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ், தனக்கெனப் பிரேக் உள்ள இழுவண்டியை 3,500 கிலோகிராம் வரை இழுக்கலாம். இழுவண்டிக்குப் பிரேக் இல்லையென்றாலோ அதே வாகனத்திற்கு 750 கிலோகிராமே வரம்பு. இயந்திரம் மாறவில்லை, இழுவிசையும் மாறவில்லை. அப்படியிருந்தும் வரம்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வரம்பைக் குறைத்தது பிரேக் இல்லாமைதான்.

பிரிட்டனிலும் பிரேக் இல்லாத இழுவண்டி 750 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதியையும் தாண்டக்கூடாது. இதன்படி, 1,000 கிலோகிராம் எடையுள்ள சிறிய மகிழுந்து, பிரேக் இல்லாத இழுவண்டியை 500 கிலோகிராம் வரைதான் இழுக்கலாம். நாம் முன்னர்க் கண்ட இழுவண்டியை நினைவுகூருங்கள். வெற்று எடையான 600-ஐ மட்டும் பார்த்தவருக்கு அது 750-க்குள் அடங்கியதாகவே தோன்றும். ஆனால், புறப்படும் நாளில் அது 800-ஐ எட்டிவிடும்.

கிள்ளான் துறைமுகச் சாலையில் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் கனவுந்துகளைக் கவனித்திருப்பீர்கள். முன்பகுதிக்கும் இழுவண்டிக்கும் இடையே சுருள் சுருளாகச் சில குழாய்கள் தொங்கும். அவற்றில் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்கள் இழுவண்டியின் பிரேக்கை இயக்குகின்றன. எதிர்பாராமல் இணைப்பு அறுந்து காற்றழுத்தம் இறங்கினால், இழுவண்டியின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் பாரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை.

நான்காம் படி: வழியை அறிதல்

கிள்ளானிலிருந்து மோரிப் கடற்கரைக்குச் செல்லும் சாலை பெரும்பாலும் சமதளமானது. ஆனால், கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாக ஜண்டா பாய்க்குச் செல்பவர் கெந்திங் செம்பா மலைப்பகுதியைக் கடக்க வேண்டும். ஏறும்போது இயந்திரம் திணறினால் வேகம் குறையும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் திணறினால் உயிருக்கே ஆபத்து.

மகிழுந்தும் இழுவண்டியும் பயணிகளும் சேர்ந்து 2,000 கிலோகிராம் எனக் கொள்வோம். 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், அதைக் கொண்டு 30 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் இயந்திரமும் தாங்கிக்கொள்ளும். எஞ்சியதைப் பிரேக் தாங்க வேண்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே, இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைத் தணித்துக் குறைந்த கியரில் இறங்க வேண்டும். வேகமும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90 கிலோமீட்டருக்கு வேகம் கூடினால், பிரேக் தணிக்க வேண்டிய இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகும்.

இழுவண்டி நெளியத் தொடங்கினால் பதற்றத்தில் பிரேக்கைச் சட்டென அழுத்துவதும் திசைமாற்றியை வெட்டித் திருப்புவதும் கூடாது. திசைமாற்றியை நேராகப் பிடித்துக்கொண்டு, முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகத் தணிய விட வேண்டும்.

ஏற்ற வாகனம் எது?

இவற்றை எல்லாம் அறிந்தபின் வாகனத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். எடை மிகுந்ததும், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் நீண்டதுமான வாகனம் இழுவண்டியின் அசைவை நன்கு தாங்கும். பின்சக்கரத்திற்கும் கொக்கிக்கும் இடையிலான தூரம் குறைவாக இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனக் கையேட்டைப் படிக்க வேண்டும். இழுக்கும் வரம்பு, கொக்கியின் வரம்பு, சுமக்கும் வரம்பு ஆகிய மூன்றில் எதை முதலில் எட்டுகிறோமோ அதுவே நம் எல்லை. ‘இழுப்பதற்கு உகந்ததன்று’ என்று கையேடு கூறினால் அத்துடன் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். கடையில் கொக்கியைப் பொருத்திக்கொள்வதால் மட்டும் வாகனத்தின் வலிமை கூடிவிடாது. இழுவண்டியின் பதிவு, கொக்கி பொருத்தும் அனுமதி, ஓட்டுநர் உரிமத்தின் வகை ஆகியவற்றைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும்.

பெரிய வாகனம் வாங்க இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. சிறிய இழுவண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். தண்ணீரைத் தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மகிழுந்தின் பின்பகுதியிலேயே ஒரு சாதாரணக் கூடாரத்தை எடுத்துச் செல்லலாம். குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பதே பயணத்தின் நோக்கம். அதற்கு எல்லாரும் நலமாக வீடு திரும்ப வேண்டும். தன் வாகனத்தின் வலிமையை அறிந்து, அதற்கேற்பப் பாரத்தைக் குறைத்துக்கொள்பவரே சிறந்த ஓட்டுநர்.

சிந்தித்து விடை கூறுக

1. “இழுக்குமா?” என்ற கேள்வியைவிட “நிற்குமா?” என்ற கேள்வி முக்கியமானது எனக் கூறப்படுவது ஏன்?

2. மாட்டு வண்டியின் முன்பாரம் பின்பாரத்திற்கும் இழுவண்டியின் கொக்கியில் இறங்கும் எடைக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

3. கிள்ளானில் வாழும் ஒரு குடும்பம், பிரேக் இல்லாத 450 கிலோகிராம் இழுவண்டியைச் சிறிய மகிழுந்தில் பூட்டி மோரிப்பிற்கும் ஜண்டா பாய்க்கும் செல்லத் திட்டமிடுகிறது. நீ கூறும் ஆலோசனை இரண்டு இடங்களுக்கும் ஒன்றாக இருக்குமா? காரணங்களுடன் எழுதுக.