சிறு பணத்தில் சிறந்த கேமரா: டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். தெரிவு செய்யும் முறை



பொங்கல், திருமணம், காதணி விழா, ஆலயத் திருவிழா என எந்நிகழ்ச்சி நடப்பினும் படம் எடுப்பது இன்று நம் வழக்கமாகிவிட்டது. கைப்பேசியின் துணையால் படங்கள் குவிகின்றன. ஆயினும், இரவு வேளையில் விளக்கொளியில் நிற்கும் பாட்டியின் முகம் அவற்றில் தெளிவாக விழுகின்றதா? பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டத் தக்க படம் எத்தனை? இவ்வினாக்கள் எழும்போதுதான் நல்ல கேமரா ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பிறக்கின்றது. அதனை நம் சக்திக்குட்பட்ட பணத்தில் எவ்வாறு தெரிவு செய்வது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. எதனைப் படம் எடுக்கப் போகின்றோம்?

கடைக்குச் செல்லுமுன் விடை காண வேண்டிய முதல் வினா இதுவே. இதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று காண்போம்.

1855ஆம் ஆண்டு ஆர்தர் பைர் என்பாரின் தலைமையில் ஆங்கிலேயத் தூதுக்குழு ஒன்று மின்டோன் மன்னரின் அரசவைக்குச் சென்றது. சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் அதிகாரி அக்குழுவுடன் சென்று, மெழுகிட்ட தாளைக் கொண்டு இந்நாட்டைப் படம் பிடித்தார். அவற்றுள் 120 படங்கள் தொகுப்பாக வெளிவந்தன. பின்னர் அவரே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகி, 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். நாம் வாழும் நாட்டையும் நம் முன்னோர் பிறந்த நாட்டையும் ஒருவரே தொடக்கக் காலத்தில் படம் பிடித்தார் என்பது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தரும் செய்தியாகும்.

எனினும் அப்படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் நிறைந்திருக்க, மக்களை மிக அரிதாகவே காண்கின்றோம். அக்காலத்தில் ஒரு படம் பதிவாக நெடுநேரம் வேண்டும். நடமாடும் மனிதர் அதில் பதியமாட்டார். அவருக்கு இயலாதது இன்று நமக்கு இயலும். 1942இல் போருக்கு அஞ்சிக் கால்நடையாகப் புறப்பட்ட குடும்பங்களும், 1960களில் கப்பலேறிய குடும்பங்களும் தம் உடைமைகளுள் பெரும்பகுதியை விட்டுச் சென்றன. இங்கேயே தங்கிய இல்லங்களிலும் கொள்ளுத்தாத்தாவின் படம் ஒன்றேனும் இல்லாதவை பல. ஆகவே நமக்கு வேண்டியது மனித முகங்களை, அதிலும் முதியோர் முகங்களை, வீட்டுக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் குறைந்த ஒளியில் தெளிவாகப் பதியும் கருவி. இந்நோக்கத்தை மனத்திற்கொண்டால் செலவும் குறையும், குழப்பமும் குறையும்.

2. எஸ்.எல்.ஆர். கருவி இயங்கும் விதம்

இக்கருவியில் ஒரே லென்ஸ் வழியாகத்தான் நாம் காண்பதும் படம் பதிவதும் நிகழ்கின்றன. லென்ஸின் பின்னே சாய்ந்து நிற்கும் சிறு கண்ணாடி, உள்ளே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் கண்ணாடி மேலெழும், ஷட்டர் திறக்கும், பின்னாலுள்ள சென்சாரில் படம் பதியும். முற்காலத்தில் பிலிம் சுருள் இருந்த இடத்தில் இன்று சென்சார் இருக்கின்றது.

எளிய விலைக் கருவிகளில் ஏ.பி.எஸ்.-சி என்னும் அளவுடைய சென்சார் உள்ளது. நிக்கான் கருவிகளில் இதன் அகலம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். பெரும்பாலான கைப்பேசிகளின் சென்சாரைவிட இது பன்மடங்கு பெரியது. அகன்ற வாயுடைய குடத்தில் மழைநீர் மிகுதியாக விழுவதுபோல, பெரிய சென்சாரில் ஒளியும் மிகுதியாக விழும். மங்கிய ஒளியில் எஸ்.எல்.ஆர். சிறந்து விளங்கும் காரணம் இதுவே.

3. புதியதா, பழையதா?

2018க்குப் பின் கேனன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கருவிகளிலேயே பெரிதும் கருத்தூன்றலாயின. இதனால் பலர் தம் எஸ்.எல்.ஆர். கருவிகளை விற்றுப் புதிய வகைக்கு மாறுகின்றனர். பணம் குறைந்த நமக்கு இது நல்வாய்ப்பாகும். பத்தாண்டுக்கு முன் உயர்ந்த விலைக்கு விற்ற கருவி, இன்று அதன் சிறு பகுதி விலைக்குக் கிடைக்கின்றது.

யாங்கோனில் வாழும் நமக்கு மற்றொரு நன்மையும் உண்டு. எஸ்.எல்.ஆரில் நாம் நேரடி ஒளியைக் கண்ணால் காண்பதால் மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். 2018இல் வந்த நிக்கான் டி3500, ஒருமுறை மின்னேற்றினால் 1,550 படங்கள் எடுக்க வல்லது என்பது அந்நிறுவனம் தரும் அளவீடு. தொடக்கநிலை மிரர்லெஸ் கருவிகள் பலவற்றில் இவ்வெண்ணிக்கை முந்நூறு, நானூறு என்ற அளவிலேயே நிற்கும். மின்தடையோடு நாள் கழிக்கும் ஊரில் இவ்வேறுபாடு சிறிதன்று.

கைப்பேசியே போதாதா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பகல் வெளிச்சத்தில், சிறு அளவுப் படங்களுக்குக் கைப்பேசி போதும். கடன் வாங்கிக் கேமரா வாங்குதல் கூடாது. மூன்று, நான்கு குடும்பங்கள் கூடி ஒரு கருவி வாங்கிப் பகிர்ந்து கொள்வது சாலச் சிறந்தது.

4. லென்ஸே கருவியின் கண்

கேமராவின் உடற்பகுதிக்கே பணமெல்லாம் செலவிட்டு, லென்ஸுக்கு ஒன்றும் மிச்சம் வையாதிருத்தல் பலர் மேற்கொள்ளும் வழி. இது கண்ணை மறந்து உடலை அலங்கரித்தல் போன்றது.

கருவியோடு வழக்கமாக வருவது 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். பகலில் இது நன்கு உதவும். ஆனால் 55 மில்லிமீட்டரில் வைத்தால் இதன் துளை எஃப் 5.6க்கு மேல் விரியாது. எஃப் எண் சிறுத்தால் துளை பெருக்கும் என்பதை நினைவிற்கொள்க. எஃப் 1.8 உடைய லென்ஸ், எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ 9.7 மடங்கு ஒளியை உள்ளே விடும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்.

இதன் பயன் யாது? 1871இல் தமிழர் எழுப்பிய யாங்கோன் ஸ்ரீ காளி கோயில் போன்ற ஓர் ஆலயத்தினுள் மாலைப் பூசை நடக்கின்றது எனக் கொள்வோம். எஃப் 5.6இல் ஒரு விநாடியின் 13இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் இடத்தில், எஃப் 1.8இல் 125இல் ஒரு பங்கு நேரமே போதும். முன்னதில் தீபாராதனை காட்டும் கை கலங்கித் தெரியும். பின்னதில் தெளிவாக நிற்கும்.

கேனனில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8, நிக்கானில் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஆகியன விலை குறைந்து பயன் மிகுந்த லென்ஸுகள். 50 மில்லிமீட்டர் முகங்களுக்கு ஏற்றது. சிறிய அறைகளில் சற்று நெருக்கமாகத் தோன்றும். 35 மில்லிமீட்டர் வீட்டினுள் எடுக்க வசதியானது.

இங்கு ஓர் எச்சரிக்கை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கருவிகளின் உடலுள் லென்ஸைக் குவிக்கும் மோட்டார் இல்லை. ‘ஏ.எஃப்.-எஸ்.’ அல்லது ‘ஏ.எஃப்.-பி.’ எனக் குறித்த லென்ஸுகளே அவற்றில் தாமாகக் குவியும். அவற்றுள்ளும் ஏ.எஃப்.-பி. வகை மிகப் பழைய உடல்களில் இயங்காது; ஆதலால் பொருத்திப் பார்த்தே வாங்குக. 2008இல் வந்த டி90, 2010இல் வந்த டி7000 ஆகியவற்றில் மோட்டார் உண்டு; பழைய லென்ஸுகளும் அவற்றில் தாமாகக் குவியும். கேனனில் 1987 முதல் வந்த இ.எஃப். லென்ஸுகள் தம்முள்ளேயே மோட்டாரைக் கொண்டவை. ஆதலால் இச்சிக்கல் எழாது.

5. மெகாபிக்சல் கணக்கு

மெகாபிக்சல் எண்ணைக் காட்டி விலையை உயர்த்துவது வணிகரின் வழக்கம். நாமே கணக்கிட்டு அறிவோம். தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200ஐ 1,800ஆல் பெருக்க, 21,60,000 புள்ளிகள். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 தாளளவுக்கு ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஆகவே 12 மெகாபிக்சல் உடைய பழைய கருவியே நம் வீட்டுச் சுவருக்குப் போதும். எஞ்சிய பணம் லென்ஸுக்குச் செல்க.

6. பணத்தைப் பங்கிடும் முறை

கையிலுள்ள தொகையை நூறு பங்காக்கிக் கொள்க. நாம் பரிந்துரைக்கும் பங்கீடு இது:

உடற்பகுதிக்கு 45 பங்கு.
எஃப் 1.8 லென்ஸுக்கு 30 பங்கு.
மாற்று பேட்டரி, மெமரி கார்டு, பை ஆகியவற்றுக்கு 15 பங்கு.
படங்களை அச்சிடவும் பாதுகாக்கவும் 10 பங்கு.

கடைசிப் பத்துப் பங்கை எக்காரணம் கொண்டும் உடற்பகுதிக்கு மாற்ற வேண்டாம்.

7. பழைய கருவியைச் சோதிக்கும் முறை

பகல் நேரத்தில், விவரம் அறிந்த ஒருவரை உடனழைத்துச் செல்க. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்கலாகாது.

அ) லென்ஸின் ஒரு புறம் டார்ச் ஒளியைப் பாய்ச்சி, மறுபுறமிருந்து சாய்வாக நோக்குக. பஞ்சு இழை அல்லது சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை வாங்க வேண்டாம்.

ஆ) எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க. கருநிறப் புள்ளிகள் சென்சாரில் உள்ள தூசியாகும். தூசியை நீக்கலாம், கீறலை நீக்க இயலாது.

இ) மூடியை மாட்டியபடியே ஒரு படம் எடுக்க. இருளில் ஒளிரும் புள்ளிகள் பலவாயின், சென்சார் பழுதுபட்டுள்ளது என அறிக.

ஈ) ஷட்டர் எத்தனை முறை இயங்கியது எனக் கேட்க. எளிய கருவிகளில் ஓர் இலட்சம் முறை என்பது பொதுவான அளவுகோல். நிக்கான் கருவிகள் பலவற்றில் படக்கோப்பினுள்ளேயே இவ்வெண் பதிந்திருக்கும்.

உ) பேட்டரி உப்பியிருக்கின்றதா, கார்டு செருகும் இடத்தில் ஊசிகள் வளைந்துள்ளனவா, மின்னொளி விளக்கு எரிகின்றதா எனப் பார்க்க.

8. மழைக்காலப் பாதுகாப்பு

யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை மழை. ஆண்டில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் ஊரில் லென்ஸின் முதற்பகை பூஞ்சையே. தோல் பையிலோ மூடிய அலமாரியிலோ கருவியை மாதக்கணக்கில் வைத்தல் தீது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க. ஈரம் ஏறிய ஜெல்லை மாற்றுக. வாரம் ஒருமுறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துக. கருவிக்கும் நன்று, கற்பவர்க்கும் நன்று.

9. படத்தைக் காக்கும் கடமை

படம் எடுத்தவுடன் பணி முடிந்ததாகாது. கணினியில் ஒரு படி, தனி வன்தட்டில் ஒரு படி, வேறு வீட்டில் வாழும் உறவினரிடம் ஒரு படி என மூன்று படிகள் வேண்டும். சிறந்தவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், உறவுமுறை, பூர்வீக ஊர், எடுத்த நாள், இடம் ஆகியவற்றைத் தமிழில் எழுதுக. தமிழ் படிக்க இயலாத உறவினர்க்காகப் பர்மிய மொழியிலும் எழுதலாம். பெயரில்லாப் படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பள்ளியில் கற்கும் எழுத்து இங்கே பயன்படுகின்றது. தாத்தாவைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைக் கேளுங்கள். சன்னலருகே அமரச் செய்யுங்கள். அவர் ஊரைப் பற்றி வினவுங்கள். அவர் பேசத் தொடங்கியபின் பொத்தானை அழுத்துங்கள்.

பயிற்சி

1. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட எத்தனை புள்ளிகள் வேண்டும்? (விடை: ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம்)

2. எஃப் 3.5ஐவிட எஃப் 1.8 எத்தனை மடங்கு ஒளியை விடும்? (விடை: ஏறத்தாழ 3.8 மடங்கு)

3. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய படம் ஒன்றை எடுத்து, அதிலுள்ளோர் அனைவரின் பெயரையும் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. (இதற்குரிய விடை உங்கள் இல்லத்தில் மட்டுமே உள்ளது. காலம் தாழ்த்தாது கேட்க.)