ஒரே கடவுள்: எருசலேமும் வடலூரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

கடவுள் ஒருவரே என்னும் எண்ணம் மனிதனுக்கு எப்பொழுது, எவ்வாறு தோன்றிற்று? இக்கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. பாகூர்க் கொம்யூனிலுள்ள எங்கள் சிற்றூரில், வீட்டுத் திண்ணையில் எழுந்தது.

என் பாட்டனார் கூலி வேலை செய்தவர், கையெழுத்திடவும் அறியாதவர். ஆண்டுதோறும் தைப்பூசத்திற்கு முன்பே துண்டில் அவலை முடிந்துகொண்டு, கடலூர் வழியாக வடலூருக்கு நடந்தே செல்வாராம். சிறுவனாயிருந்த என் தந்தையார், ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். "அங்க எல்லாரும் ஒரே பந்தியில குந்தித் தின்னலாம்டா" என்பதுதான் விடை. எங்கள் தெருவுக்குள் ஊர்த்தேர் வந்ததில்லை என்பதை அறிந்தோர்க்கு இவ்விடையின் பொருள் விளங்கும்.

நிற்க. ஒரு கடவுட் கொள்கை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர்கள் பண்டை யூதர்கள். மோசே மலையிலிருந்து இறங்கியபோதே அக்கொள்கை முழுமையாக வந்துவிட்டது என்றே நானும் எண்ணியிருந்தேன். வரலாற்று அறிஞர்கள் காட்டும் படம் வேறு. அது படிப்படியாக, பல நூற்றாண்டுகளில் முதிர்ந்த கொள்கை. பத்துக் கட்டளைகளில் முதலாவது, வேறு தெய்வங்கள் இல்லை என்று சொல்லவில்லை. அவற்றை நீ வணங்காதே என்றுதான் சொல்கிறது. பிற தெய்வங்கள் உண்டு, ஆனால் நமக்கு ஒருவரே என்பது ஒரு படி. தெய்வமே வேறு இல்லை என்பது அதனினும் மேலான மற்றொரு படி. இவ்விரண்டிற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு.

மக்களின் வழிபாடோ முதற்படியைக்கூட எட்டாமலிருந்தது. 1975-76 ஆம் ஆண்டுகளில் சினாய்ப் பகுதியில் குந்திலத் அஜ்ரூத் என்னுமிடத்தை அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த பெருஞ்சாடிகள் ஏறக்குறைய கி.மு. 800 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் யாவேயின் பெயரோடு அசேராவின் பெயரையும் சேர்த்து வாழ்த்து எழுதியிருக்கிறார்கள். அசேரா கானான் நாட்டுப் பெண்தெய்வம். சாடியில் குறிக்கப்படுவது அத்தெய்வமா, அவள் பெயரால் நட்ட மரத்தூணா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எதுவாயினும், யாவே அங்குத் தனியாக நிற்கவில்லை. எங்கள் ஊர் ஐயனார் தனியாகவா நிற்கிறார்?

அக்காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தெய்வம். மோவாப் நாட்டு மன்னன் மேசா கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் பொறித்த கல் இன்று பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் நாட்டை இசுரவேலர் ஒடுக்கியதற்குக் காரணம், தங்கள் தெய்வமான கேமோசு தம் நாட்டின்மேல் கொண்ட சினமே என்று அதில் மேசா கூறுகிறான். இசுரவேலரும் தங்கள் தோல்விகளுக்கு இதே காரணத்தைத்தான் கூறினர்.

கி.மு. 622 அளவில் யூதா நாட்டு மன்னன் யோசியா, எருசலேம் ஆலயத்திலிருந்து அசேராவின் உருவை அகற்றி எரித்தான். ஊர்தோறும் இருந்த மேடைகளை இடித்தான். அரசாணையால் வந்த ஒருமை அது. அவன் இறந்ததும் பழைய வழிபாடுகள் திரும்பிவிட்டன.

உண்மையான திருப்பம் வெற்றியில் வரவில்லை, தோல்வியில் வந்தது. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து, ஆலயத்தைக் கொளுத்தி, மக்களைச் சிறைகொண்டு போயினர். பழைய கணக்குப்படி, பாபிலோனின் மர்துக் வென்றான், யாவே தோற்றார் என்றே முடிவு கட்டியிருக்க வேண்டும். பல சிறு நாடுகளின் தெய்வங்கள் இப்படித்தான் மறைந்தன; கேமோசு இன்று கல்லில் மட்டும் உள்ளார். ஆனால் யூதரின் தீர்க்கதரிசிகள் கணக்கையே தலைகீழாக மாற்றினர். பாபிலோனை அனுப்பியவரே எம் இறைவன்தான் என்றனர். அப்படியானால் அவர் பாபிலோனுக்கும் இறைவன். எல்லா நாட்டுக்கும் இறைவன். மற்றவை வெறும் மரமும் கல்லும். ஏசாயா நூலின் நாற்பதாம் அதிகாரம் முதலான பகுதியில் இம்முழக்கம் ஐயத்திற்கிடமின்றிக் கேட்கிறது. கி.மு. 539 இல் பாபிலோனை வென்ற பாரசீக மன்னன் கோரேசையே, அவர் அறியாமலே இறைவன் பணியைச் செய்பவர் என அந்நூல் போற்றுகிறது. நாடிழந்தவர்கள் உலகுக்கெல்லாம் ஒரே கடவுள் என்று கண்டது எனக்கு வியப்பளிக்கிறது.

இவ்வளவு நெடிய பயணத்தை நம் அண்டையில் ஒருவர் தம் ஒரே வாழ்நாளில் நடந்திருக்கிறார். அவர் 1823 இல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள். இளமையில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். பின்னர்த் திருவொற்றியூர் இறைவனையும் வடிவுடையம்மையையும் பாடினார். அதன்பின் தில்லைக் கூத்தனைப் பாடினார். முடிவில் உருவமில்லாத அருட்பெருஞ்சோதியிடம் வந்து சேர்ந்தார். 1865 இல் தாம் நிறுவிய சங்கத்திற்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயரிட்டார். 1872 இல் அப்பெயர் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாறிற்று. 'வேத' போய்ச் 'சுத்த' வந்ததைக் கவனியுங்கள். யோசியா மேடைகளை இடித்தான்; அடிகளோ ஒரு சொல்லை எடுத்தார். 1873 இல் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது, தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்று அளவற்றது என்று ஒப்புக்கொண்டு, அதனைத் தாம் கடந்துவிட்டதையும் வெளிப்படையாக அறிவித்தார். தம் பழைய நிலையை மறைக்காத இந்த நேர்மையே என்னை மிகவும் கவர்ந்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. அவர் பாடல்களை அருட்பா எனலாகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். பூசல் 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. சாதியையும் சமயப் பிரிவுகளையும் மிகக் கடுமையாகச் சாடும் ஆறாம் திருமுறையோ, அவர் மறைவுக்குப் பின் 1885 இல்தான் அச்சேறிற்று.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யூதரின் ஒருமை உடன்படிக்கையிலிருந்து, வேறெவரையும் வணங்கேன் என்னும் உறுதியிலிருந்து வளர்ந்தது. வடலூரின் ஒருமை வயிற்றிலிருந்து தொடங்கியது என்பேன். பார்வதிபுரத்து மக்கள் தந்த 80 காணி நிலத்தில் 1867 இல் முதலில் எழுந்தது தருமச்சாலை, சோறிடும் இடம். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சோதி காட்டும் சத்திய ஞான சபை ஐந்தாண்டுகள் கழித்து, 1872 தைப்பூசத்தில்தான் திறக்கப்பட்டது. எல்லா உயிரிலும் உள்ளது ஒன்றே என்றால் ஒன்றின் பசி எல்லாவற்றின் பசி. கடவுள் ஒருவர் என்பதற்கு அவர் காட்டிய நிரூபணம் இதுவே.

சபைக்குள் புகச் சாதி தடையன்று. கொலையும் புலாலும் தவிர்த்தவராயிருத்தல் வேண்டும். என் பாட்டனார் மீன் உண்பவர். ஆதலால் வெளியே கூட்டத்தில் நின்று, ஏழு திரைகளும் விலகச் சோதியைக் கண்டு, பந்தியில் உண்டு திரும்புவாராம். வெளியே நின்றதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டதே இல்லை என்கிறார் என் தந்தையார். எனக்கு மட்டும் அது சற்று உறுத்துகிறது.

சென்ற ஆண்டு, நாலெழுத்துப் படித்த மிடுக்கில், என் பாட்டியிடம் ஐயனாரும் மாரியும் பொய், கடவுள் ஒருவர்தான் என்று வாதாடினேன். பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒருத்தருன்னா நம்ம தெருவுக்கு மட்டும் ஏன்டா வராம போறாரு?" என்றார். என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

வரும் தைப்பூசத்திற்குப் பாட்டியைப் பேருந்தில் வடலூருக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். புறப்படுமுன் ஐயனாருக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டுத்தான் வருவாராம். வாங்கி வைத்திருக்கிறேன்.