ஆண்மையும் பேராண்மையும்: சீனம், சப்பான், தமிழகம்

புறநானூற்றின் 152ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் கேட்கும் வினா ஒன்றே. வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் எவ்வாறு துளைத்தது? வன்பரணர் அப்பாடலில் மற்றொரு செய்தியும் கூறுகிறார். இன்னானென்று அறியாத பாணர்கள் அரசனைப் போற்றிப் பாடியபோது, அப்புகழ் தன்னையே குறித்ததாதலின் அவ்வில்லாளன் நாணினான். பின்னர் வேட்டையூனையும் தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் வழங்கினான். அவன் ஏன் நாணினான் என்று இதுவரை ஒரு மாணவரும் கேட்டதில்லை. கொல்லிமலைச் செம்மேட்டில் குதிரைமீது நிற்கும் ஓரியின் சிலையைக் கண்டு வருவோரும் வில்லைப் பற்றியே பேசி வருகின்றனர். ஆண்மகனின் பெருமை வில்லில் உள்ளதா, அந்த நாணத்தில் உள்ளதா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவைச் சீனர் வெகுகாலம் முன்னரே எதிர்கொண்டனர். அவர்கள் ஆடவர் இயல்பை ‘வென்’, ‘வூ’ என இரண்டாகப் பகுத்தனர். வென் என்பது எழுத்தும் கல்வியும் பண்பும்; வூ என்பது படைக்கலமும் உடல்வலிமையும். முன்னதற்குக் கன்பூசியசும் பின்னதற்குக் குவான் யூ என்னும் படைத்தலைவனும் சான்றாயினர். இரண்டும் வேண்டும் என்றாலும், வென்னுக்கே அவர்கள் முதலிடம் தந்தனர். 1905இல் நீக்கப்படும்வரை, அரசுப் பதவிக்குரிய தேர்வில் வென்ற மெலிந்த உடலினனாகிய புலவனே ஊரார் வியக்கும் ஆண்மகனாகத் திகழ்ந்தான். நம் திரைப்படக் கதைத்தலைவர்களை அச்சீனர் கண்டிருந்தால் நகைத்திருப்பர்!

சப்பானியரும் இவ்விரண்டையும் ஏற்றனர். ஆயின் வாளைக் கையினின்று விடவில்லை. 1615இல் தொகுகவா ஆட்சியாளர் வீரர் குடியினர்க்கு விதித்த சட்டத்தின் முதற்கூறே கல்வியையும் படைப்பயிற்சியையும் ஒருங்கே பேணுக என்பதாகும். தொடர்ந்த நெடிய அமைதிக் காலத்தில் சாமுராய் பெரும்பாலும் கணக்கெழுதும் அலுவலராக மாறினர். 1876இல் வாள் அணிதலும் தடைசெய்யப்பட்டது. வாள் போனபின்னரே வாளின் அறம் பெரிதாகப் பேசப்பட்டது என்பது வியப்பு. ‘புசிதோ’ என உலகம் அறிந்த நூலை 1900இல், அதுவும் ஆங்கிலத்தில், எழுதிய நிதோபே ஒரு கல்வியாளர். ஒரு குடியினர்க்குரிய வீரநெறி பின்னர்ப் படைச்சேவையின் வழியே உழவர் மக்கள்மீதும் சுமத்தப்பட்டு 1945இன் பேரழிவில் முடிந்ததை வரலாறு காட்டும்.

தமிழ் மரபு என் செய்தது? தொல்காப்பியர் களவியலில் ஆடவர்க்கு உரியனவாகப் பெருமை, உரன் என்னும் இரண்டைக் குறிக்கின்றார். உரன் என்றதும் தோள்வலியே நம் நினைவிற்கு வரும். உரையாசிரியர் இளம்பூரணரோ உரனுக்கு அறிவு எனப் பொருள் கொண்டார். பெருமையாவது பழிக்கும் பாவத்திற்கும் அஞ்சுதல் என்றார். அச்சத்தை ஆண்மைக்கு இலக்கணமாக்கிய துணிவு எண்ணி மகிழத்தக்கது. வள்ளுவரும் பிறன் மனைவியை நோக்காமையையே பேராண்மை என்றார். ஓரியின் நாணமும் இவ்வழியில் வந்ததே.

இவ்வளவு உயர்ந்த இலக்கணம் வகுத்த நாடுகளில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. சீனத்தில் கல்வித் தேர்வும் படைத்துறையும் பெண்டிர்க்கு அடைக்கப்பட்டிருந்தன. முன்னோர் கடன் ஆற்ற மகன் வேண்டும். வழித்தோன்றல் இன்மையே பெரும்பிழை என்பது மென்சியசின் கருத்து. 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக் கொள்கை நிலவியபோது இவ்வெண்ணம் கொடிதாக வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூறு பெண் பிறப்புக்கு நூற்றுப்பதினைந்திற்கும் மிகுதியான ஆண் பிறப்பு காணப்பட்டது.

சீனத்தை நோக்கி விரல் நீட்ட நமக்குத் தகுதி இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். எனவே ஓரியின் கொல்லிமலையும் அன்று சேலம் மாவட்டத்திற்குள்ளேயே இருந்தது. பெற்ற மகளை வளர்க்க அஞ்சி அரசுத் தொட்டிலில் இட்டு வரும் நிலைக்கு வறுமையும் வரதட்சணையும் காரணம் என்பர். உண்மையே. எனினும் வரதட்சணை கேட்கும் வாய் ஓர் ஆண்மகனுடையதாகவும் இருக்கிறது. அவன் நம் வகுப்பறையில் பயின்றவனாகவும் இருக்கக்கூடும். பேராண்மை பற்றிய குறளை அவன் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றிருப்பான்.

அரபு நாட்டிலும் பெண் மகவை உயிருடன் புதைத்த காலம் இருந்தது. திருக்குர்ஆன் அதனைக் கண்டித்தது. மற்போரில் வீழ்த்துபவனல்லன், சினத்தின்போது தன்னை அடக்குபவனே வலிமையாளன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீரத்தின் பொருளையே மாற்றினார்கள். தம் பேரனை அவர்கள் முத்தமிட்டபோது, தனக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டென்றும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றும் கூறினார் அக்ரஉ என்னும் குலத்தலைவர். இரக்கம் காட்டாதவர்க்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மகள் ஸைனபின் பெண்குழந்தையாகிய உமாமாவைச் சுமந்தவாறே தொழுகை நடத்தியதைத் தோழர்கள் கண்டார்கள். சஜ்தாவுக்குச் செல்லும்போது குழந்தையை இறக்கி வைப்பார்கள்; எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள்.