"நீங்கள்தானா?" என்று கேட்கும் கணினி



9-ஆம் நூற்றாண்டில் நம்ம தெள்ளாற்றில் நடந்த போரில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்றான். 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பேரும் பெற்றான். பல்லவர் சின்னம் நந்தி, பாண்டியர் சின்னம் மீன். கொடியைத் தொலைத்துவிட்டு வந்தால் சொந்த வீரனையே காவலாளி "யாருடா நீ?" என்று நிறுத்துவான் அல்லவா? இணையத்திலும் அதே கதைதான்!

எங்க அக்கா உதவித்தொகை விஷயமா மின்னஞ்சல் பார்க்க நெட் சென்டருக்குப் போவாள். பாஸ்வேர்டு சரியாத்தான் போடுவாள். ஆனாலும், "புதிய கருவியில் யாரோ நுழைகிறார்கள். நீங்கள்தானா?" என்று அப்பா போனுக்கு எச்சரிக்கை வரும். ஊர் பெயர் சென்னை என்றோ மும்பை என்றோ காட்டும்! தறியில் இருக்கும் அப்பா, "இதே தொல்லையாப் போச்சு" என்று 'ஆம்' அழுத்திவிடுவார்.

ஏன் இப்படி வருகிறது?

1. குக்கீ: நாம் நுழைந்ததும் இணையதளம் நம் பிரௌசரில் ஒரு சின்னக் குறிப்பை வைக்கும். அதன் பெயர் குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்பவர் உருவாக்கியது. இதுதான் நம் கொடி! நெட் சென்டரில் பாதுகாப்புக்காக இதை அழித்துவிடுவார்கள். மறுநாள் போனால் நாம் புது ஆள்தான்.

2. ஐ.பி. முகவரி: பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலக மக்களோ 800 கோடிக்கும் மேல். அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அது அடிக்கடி மாறும். அந்த முகவரி எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறதோ அந்த ஊரைத்தான் காட்டும். நாம் தெள்ளாரில் இருந்தாலும் சென்னை என்று வருவது இதனால்தான்.

3. பிரௌசர் மாறினாலும் சந்தேகம் வரும்.

இதில் என்ன ஆபத்து?

"புலி வருது" கதை தெரியும்தானே! ஒருநாள் ராத்திரி அதே கேள்வி வந்தது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா பழக்கத்தில் 'ஆம்' அழுத்திவிட்டார். காலையில் பாஸ்வேர்டு மாறியிருந்தது! அக்கா பெயரும் பிறந்த வருடமும்தான் பழைய பாஸ்வேர்டு. யாரோ சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். உதவித்தொகைக் கடிதம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரவேண்டும். அக்கா அன்று சாப்பிடவே இல்லை.

கடைசியில், எப்போதும் பயன்படுத்தும் அப்பா போனிலிருந்தே கணக்கை மீட்கும் வழியில் முயன்றோம். கிடைத்துவிட்டது! பழகிய போன், பழகிய இடம் என்றால் மீட்பது எளிது. நம்மைத் தொல்லை செய்த அதே சோதனைதான் நம்மைக் காப்பாற்றவும் செய்தது.

நாம் செய்ய வேண்டியவை:

* அந்த நிமிடம் நாமோ வீட்டில் ஒருவரோ நுழைந்தால் மட்டும் 'ஆம்'. இல்லையென்றால் 'இல்லை' அழுத்தி, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
* ஊர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நேரத்தையும் கருவியின் பெயரையும் பாருங்கள்.
* எச்சரிக்கைச் செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். அதுவே போலியாக இருக்கலாம். நீங்களே தளத்தைத் திறந்து பாருங்கள்.
* பொதுக் கணினியில் 'என்னை நினைவில் வை' வேண்டாம். மறக்காமல் வெளியேறுங்கள்.
* பெயர், பிறந்த தேதி இரண்டும் பாஸ்வேர்டு ஆகாது!
* ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போனால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

பொய்யாகப் பலமுறை கத்தும் எச்சரிக்கை நம் காதை மழுங்கடித்துவிடும். எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் எரிச்சலில் விரல் அவசரப்படக் கூடாது. வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். போன் அவர்கள் கையில்தானே இருக்கிறது!

சிந்திப்போம்! பிறகு அழுத்துவோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்